குழி "போகலாம்" என்றது, கம்பு "வேண்டாம்" என்றது: எதை நம்புவது?

பாதிவழி எழுதியது:

ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டை) ஒட்டிக்கொண்டு மலை ஏறத் தொடங்கி எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். சென்ற சனிக்கிழமை, கணவாய்க்கு அறுபது மீட்டர் கீழே நின்று "நான் திரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டேன். என்னால் மற்ற இருவரும் திரும்ப வேண்டியதாயிற்று. அவர்களில் ஒருவர் பன்னிரண்டு குளிர்கால அனுபவம் உள்ளவர். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது சரியா, இல்லை வெறும் பயமா என்று நான்கு நாட்களாக மண்டையைக் குடைகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை, காற்றே இல்லாமல், மைனஸ் 8 பாகைக் குளிரில், 15 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தது. வெள்ளி மதியம் தொடங்கி இரவு முழுக்க முகட்டில் தென்மேற்குக் காற்று, மணிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை வண்டியை விட்டு இறங்கியபோது ஓர் இலைகூட அசையவில்லை. வானம் துடைத்துவிட்டது போல் நீலமாக இருந்தது. பனிச்சரிவு அறிக்கை, ஆபத்து ஐந்தில் இரண்டாம் நிலை என்றது. 2,200 மீட்டருக்கு மேல், வடக்கிலிருந்து கிழக்கு வரை பார்த்த சரிவுகளில் காற்று கொண்டுவந்து சேர்த்த பனியைக் கவனிக்கச் சொன்னது. எங்கள் வழி வடகிழக்கு பார்த்த ஒரு கிண்ணத்தின் ஊடாகக் கணவாய்க்குப் போகிறது.

2,250 மீட்டரில், ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில், 27 பாகைச் சரிவில், பனி அடுக்குகள் எவ்வளவு உறுதி என்று பார்க்கக் குழி தோண்டினோம். ஆழம் 1 மீட்டர் 30. 90 சென்டிமீட்டர் அகலத் தூணை அறுத்து, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, ஒன்றும் இல்லை. முழங்கையிலிருந்து பத்து, அப்போதும் இல்லை. தோளிலிருந்து இரண்டாவது தட்டில், அதாவது 22இல், 35 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்வெட்டிக்கு அடியில் மட்டும் ஒரு வெடிப்பு. தூணின் மறுமுனைக்குப் பரவவில்லை. அந்தப் பன்னிரண்டு குளிர்கால நண்பர் மண்வெட்டியைத் தட்டிவிட்டு, "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், வாருங்கள்" என்றார்.

2,380 மீட்டர் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்கீ 20 சென்டிமீட்டர் புதைந்துகொண்டிருந்தது. திடீரென்று புதைவது நின்றுவிட்டது. மூன்று சென்டிமீட்டர் தடம்தான் விழுந்தது. ஸ்கீ கம்பைக் குத்தினால் முதலில் தடுத்தது, பிறகு சட்டென்று உள்ளே போனது, கீழே எதுவுமே இல்லாதது போல. கிக் டர்ன் போட்டு (நின்ற இடத்திலேயே ஸ்கீயைத் திருப்பி) திசை மாற்றியபோது ஸ்கீ முனையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு ஒரு விரிசல் ஓடியது. சத்தம் எதுவும் வரவில்லை. கைபேசியின் சாய்வுமானியைக் கம்பின் மேல் வைத்துப் பார்த்தேன்: 34 பாகை. மேலே இன்னும் செங்குத்தாகத் தெரிந்தது.

திரும்பினோம். நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் வேறு இருவர் எங்கள் தடத்திலேயே ஏறி, கணவாயைத் தொட்டு, அதே சரிவின் நடுவில் கூவிக்கொண்டே சறுக்கி இறங்கினார்கள். ஒன்றுமே ஆகவில்லை. நண்பர் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஒழுங்காக அளந்து செய்த சோதனை ஒன்று சொல்கிறது, கைக்குத் தோன்றிய உணர்வு வேறொன்று சொல்கிறது. இதில் எதற்கு மதிப்பு அதிகம்?


குழிதோண்டி எழுதியது:

நான் ஏறியிருப்பேன். 22ஆவது தட்டில் உடைந்து, பரவாமல் நின்ற தூண் நல்ல முடிவு. அறிக்கையும் இரண்டாம் நிலைதான். காற்றடித்த மேற்பரப்பில் ஒன்றரை மீட்டர் விரிசல் ஒன்று ஓடுவது புதிதல்ல. மேல்தோல் கிழிகிறது, அவ்வளவுதான். உணர்வை நம்பி மலை ஏறினால் எந்த மலையும் ஏற முடியாது. அளந்ததை நம்புங்கள். சந்தேகம் வந்த இடத்தில் இன்னொரு குழி தோண்டியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை.


முகட்டோரம் எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பானைச் சோற்றை முடித்துவிடுகிறேன். பானையில் இருக்கும் அரிசி முழுவதும் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வேகிறது. அதனால்தான் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். காற்று அப்படிச் சமைப்பதில்லை. ஓரிடத்தில் சுரண்டி எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது. பத்து மீட்டர் இடைவெளியில் இங்கே பழைய பனி தெரியும்படி வழித்திருக்கும், அங்கே அரை மீட்டர் குவித்திருக்கும். உங்கள் குழிக்கும் நீங்கள் திரும்பிய இடத்துக்கும் இடையில் 130 மீட்டர் உயரம். அது ஒரே பானை அல்ல.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஸ்கீ 20 சென்டிமீட்டர் புதைந்துகொண்டிருந்தது என்கிறீர்கள். குழி தோண்டிய இடத்திலும் அப்படித்தானே புதைந்திருக்கும்? அப்படியென்றால் அங்கே மேலே இருந்தது மென்பனி, பாளம் (பலகை போல ஒட்டிச் சேர்ந்து மொத்தமாக நகரும் பனி) அல்ல. காற்றுப் பாளம் இல்லாத இடத்தில் குழி தோண்டி, காற்றுப் பாளம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தமில்லாத ஆளிடம் போய்க் கேட்ட கதை. சோதனையில் பிழை இல்லை. அது 35 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த வேறு ஏதோ ஓர் அடுக்கைப் பற்றிப் பதில் சொன்னது.

பாளம் எப்படி உருவானது என்பதை நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். வியாழக்கிழமை அமைதியான குளிரில் விழுந்த பனி பஞ்சு. அதன் மேல் வெள்ளிக்கிழமைக் காற்று வந்தது. காற்று பனியைத் தூக்கி வரும்போது படிகங்களின் கிளைகளை எல்லாம் முறித்து, துகள்களாக்கி, முகட்டுக்கு அப்பால் வேகம் குறையும் இடத்தில் இறக்கிவைக்கிறது. உடைந்த துகள்கள் நெருங்கி அடர்ந்து, சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆக, கீழே பஞ்சு, மேலே பலகை. கனமானது மேலே, இலேசானது கீழே. இந்த வரிசையைத்தான் உங்கள் கம்பு தொட்டுப் பார்த்துச் சொன்னது: முதலில் தடை, பிறகு வெறுமை. அதை உணர்வு என்று சொல்லித் தாழ்த்தாதீர்கள். அதுவும் ஓர் அளவுதான். குழியில் ஓர் அளவு எடுத்தீர்கள், கம்பால் வழியெல்லாம் நூறு அளவு எடுத்தீர்கள்.

குழிதோண்டி, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் விரிசல் விஷயத்தில் உடன்பட மாட்டேன். ஸ்கீக்கு அடியில் மட்டும் கிழிந்தால் மேல்தோல். ஸ்கீயை விட்டு விலகி, மிதிக்காத பனிக்குள் ஓடினால், அங்கே பலகையாகச் சேர்ந்து நகரக்கூடிய ஒன்று இருக்கிறது, அதன் அடியில் விட்டுக்கொடுக்கிற ஒன்றும் இருக்கிறது என்று அர்த்தம். அதைவிடத் தெளிவாக மலை பேசாது. தானாக விழுந்த புதிய பனிச்சரிவு, காலடியில் "பொத்" என்று பனி உட்காரும் சத்தம், ஓடும் விரிசல், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் குழிக்கு வேலை இல்லை. மண்வெட்டியை மூட்டைக்குள்ளேயே விட்டுவிடலாம். சத்தம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பாளத்தில் பல நேரம் அந்தச் சத்தம் வராது. அது பெரும்பாலும் பழைய சர்க்கரைப் பனியும் (ஒட்டாமல் சர்க்கரை போல உதிரும் பனி), அடியில் புதைந்துபோன உறைபனிப் பூக்களும் (பனியின் மேற்பரப்பில் வளரும் உறைபனிப் படிகங்கள்) உட்காரும்போது கேட்பது. சத்தம் இல்லாததை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. மூவர் போனோம், நான் மூன்றாவது. முகட்டுக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு, முப்பதடி அகலம்கூட இருக்காது. முதல் ஆள் இறங்கினார், ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆள் இறங்கினார், ஒன்றும் இல்லை. நான் அவர்கள் தடத்திலிருந்து நான்கு மீட்டர் இடதுபுறம், தீண்டாத பனி வேண்டும் என்ற ஆசையில் போனேன். அங்கே பாளம் மெலிந்திருந்தது, ஓரம். அந்த ஓரத்தில் என் எடை பலகையைத் தாண்டி அடியில் இருந்த பஞ்சைத் தொட்டது. முதலில் எனக்கு விளங்கவே இல்லை. நான் நகர்வதாக நினைத்தேன், நகர்ந்தது தரை. 25 சென்டிமீட்டர் தடிமன், அவ்வளவுதான். எண்பது மீட்டர் இழுத்துப்போய், முழங்காலைத் திருகி, மார்பு வரை புதைத்து விட்டது. கீழே பாறைகள் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மூன்று மாதம் ஊன்றுகோல்.

"சின்னப் பாளம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இருபது மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் தடிமன். ஒரு கன மீட்டர் 250 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் இருபது டன். அது நம்மைப் புதைக்கவே வேண்டாம், ஒரு பள்ளத்துக்குள்ளோ பாறை மேலோ தள்ளிவிட்டால் போதும். அதனால் "எவ்வளவு பெரியது" என்று மட்டும் கேட்காமல், "கீழே என்ன இருக்கிறது" என்றும் கேட்க வேண்டும்.

இனி அந்த இருவர். அவர்கள் கூவிக்கொண்டு இறங்கியது உங்களுக்கு எதையும் நிரூபிக்கவில்லை. என் முன்னால் இறங்கிய இருவரும் அப்படித்தான் இறங்கினார்கள். சரிவு அவர்களிடம் "நீங்கள் கெட்டிக்காரர்கள்" என்று சொல்லவில்லை, சும்மா இருந்தது. இந்த விளையாட்டின் பெரிய கோளாறே இதுதான்: தவறாக முடிவெடுத்தாலும் பெரும்பாலான நாட்களில் பரிசுதான் கிடைக்கிறது. இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து, மனிதர்கள் எதனால் ஏமாறுகிறார்கள் என்று 2004இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார். பழகிய சரிவு, குழுவில் மூத்தவர் மேல் வைக்கும் நம்பிக்கை, முன்னால் போனவர்களின் நிழல், தீண்டாத பனியை வேறு யாரும் முந்திவிடக் கூடாது என்ற பதற்றம். உங்கள் சனிக்கிழமையில் இவற்றில் எத்தனை இருந்தன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் நிலை என்பதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 1993 முதல் ஐரோப்பாவில் ஐந்து நிலை அளவுகோல்தான். மக்கள் பெரும்பாலும் இறப்பது ஐந்தாம் நிலையிலோ நான்காம் நிலையிலோ அல்ல, மூன்றிலும் இரண்டிலும்தான். நான்கில் வீட்டில் இருந்துவிடுகிறோம், இரண்டில் கிளம்பிவிடுகிறோம். அந்த எண் ஒரு பெரிய வட்டாரத்துக்கான எண். அதற்குக் கீழே எழுதியிருந்த வாக்கியம், 2,200 மீட்டருக்கு மேல், வடக்கிலிருந்து கிழக்கு, காற்று சேர்த்த பனி, அதுதான் உங்கள் சரிவுக்கான வாக்கியம். நீங்கள் நின்ற இடம் உயரம், திசை இரண்டிலும் அதற்குள் அச்சாகப் பொருந்துகிறது. எண்ணைப் படிக்கிறவர்கள் அதிகம், வாக்கியத்தைப் படிக்கிறவர்கள் குறைவு.


ஈரக்கையுறை எழுதியது:

முகட்டோரம் அக்கா சொன்னதற்கு மேல் கொஞ்சம் தொழில்நுட்பம் மட்டும் சேர்க்கிறேன்.

நீங்கள் செய்த 90 சென்டிமீட்டர் தூண் சோதனையை 2006இல் ரான் சிமன்ஹாய்ஸ், கார்ல் பிர்க்லண்ட் இருவரும் அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முன் வழக்கத்தில் இருந்த 30 க்கு 30 சிறு தூண், வெடிப்பு தொடங்குமா என்பதைச் சொன்னது. தொடங்கினால் பரவுமா என்பதை அவ்வளவாகச் சொல்லவில்லை. பரவுவதைப் பார்ப்பதற்காகவே தூணை அகலமாக்கினார்கள். ஆகவே முடிவைப் படிக்கும்போது தட்டு எண்ணிக்கையைவிட, முழு அகலத்துக்கும் ஓடியதா இல்லையா என்பதே முக்கியம். 22 என்ற எண்ணை நண்பர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பரவியிருந்தால் 22உம் கெட்ட செய்திதான்.

அதற்கு ஒரு குருட்டுப் பகுதியும் உண்டு. மேலே இருப்பது மிக மென்மையாக இருந்தாலோ, பலவீன அடுக்கு மேற்பரப்புக்கு மிக அருகில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருந்தாலோ, மண்வெட்டியே அதைக் குழப்பிவிடும். ஒரு மீட்டருக்கும் கீழே புதைந்திருக்கும் அடுக்குக்கும் தட்டின் விசை ஒழுங்காகப் போய்ச் சேராது. புதிய, மெல்லிய காற்றுப் பாளம் பெரும்பாலும் இதில் முதலில் சொன்ன குருட்டுப் பகுதியில்தான் விழுகிறது. எனவே அதைத் தேட இந்தச் சோதனை சரியான கருவி அல்ல. இடைப்பட்ட ஆழத்தில் புதைந்திருக்கும் பழைய பலவீன அடுக்கில் வெடிப்பு பரவுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அருமையான கருவி.

காற்றுப் பாளத்துக்கு நான் நம்புவது இதைவிட எளிய வேலைகள். ஏறுதடத்துக்கு மேல்புறம் கையாலேயே ஒரு சதுரம் அறுத்து, பின்பக்கமும் வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் நம் பக்கம் இழுப்பேன். அரை நிமிடம்தான். ஒரு மூடி போலத் தனியாகக் கழன்று வந்தால் போதும், மனதில் குறித்துக்கொள்வேன். இதைப் பத்து இடத்தில் செய்தால், பாளம் எந்த உயரத்தில் தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது என்ற வரைபடம் தானாகக் கையில் வந்துவிடும். இன்னொன்று, வழியில் வரும் சின்னச் சின்ன மேடுகள். ஆள் உயரம்தான் இருக்கும், ஆனால் பெரிய சரிவு பார்க்கும் அதே திசையைப் பார்க்கும், அதே சாய்வில் இருக்கும், கீழே புதைய இடமே இருக்காது. மேல்புறமாகச் சென்று ஸ்கீயால் அழுத்தித் தள்ளுங்கள். அது பாளம் பாளமாக உடைந்து விழுந்தால், பெரியதும் அதைத்தான் செய்ய நினைத்துக்கொண்டிருக்கிறது.

இழுத்ததில் உறுதியாக இருந்தது, மேடு உடையவில்லை என்பதற்காக மட்டும் மேலே போகக் கூடாது. இவை "வேண்டாம்" என்று சொல்ல வல்லவை. "போ" என்று சொல்ல இவற்றுக்கு அதிகாரம் இல்லை. குழிக்கும் அப்படித்தான்.

காற்றைப் படிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் பவுல்கே சொன்னதாக ஒரு வரியை இன்றும் வகுப்புகளில் சொல்வார்கள்: பனிச்சரிவுகளைக் கட்டும் கொத்தனார் காற்று. அந்தக் கொத்தனார் வேலை செய்த இடமெல்லாம் தடயம் விட்டுப் போகிறார். முகட்டில் தொங்கும் பனி விளிம்பு எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பனி இறங்கியிருக்கிறது. கம்பத்திலும் பாறையிலும் ஒட்டிய வெள்ளைப் படிவு காற்று வந்த திசையை நோக்கியே வளரும். அரிக்கப்பட்ட பனி மேடுகளின் கூர்மூக்கும் காற்று வந்த பக்கத்தைத்தான் பார்க்கும். பாறைக்குப் பின்னால் நீண்ட வால் போலப் பனி கிடந்தால் அது காற்று போன பக்கம். முகட்டுக்கு அடியில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. சரிவின் குறுக்கே காற்று அடித்தால், நடுச்சரிவில் இறங்கும் ஒவ்வொரு பள்ளத்தின் ஒரு கரையிலும் பாளம் சேரும். முகட்டிலிருந்து முந்நூறு மீட்டர் கீழே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில்.

வானத்திலிருந்து ஒரு துளிகூட விழ வேண்டியதில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நீல வானத்தில், பழைய மென்பனியையே அள்ளிக்கொண்டு, காற்று சில மணி நேரத்தில் அரை மீட்டர் குவித்துவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் பனி ஏறத்தாழ எட்டு மடங்காகும்.


பாதிவழி எழுதியது:

முகட்டோரம் அக்கா, ஈரக்கையுறை அண்ணா, இருவருக்கும் நன்றி. அந்தக் குழியில் பாளமே இல்லை என்ற வரியைப் படித்ததும் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மேல் 18 சென்டிமீட்டருக்குக் "கைமுட்டி" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன், அதாவது மூடிய கைமுட்டி தடையின்றி உள்ளே போகும் மென்மை. நானே அளந்து, நானே எழுதி, அதன் பொருளை நானே கவனிக்கவில்லை. எங்கள் மூவருக்கும் 22 மட்டும்தான் காதில் விழுந்தது.

குழிக்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றும் யோசித்தேன். பாறைக்குப் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைக்க வசதி, வெயில் அடித்தது, நடந்து களைத்த நேரம். வேறு காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். இந்த மாதிரிப் பாளம் எத்தனை நாளில் சரியாகும்? இரண்டாவது, குழுவில் அனுபவத்தில் குறைந்தவன் நான். "திரும்பலாம்" என்பதை மேலே நின்றுகொண்டு சொல்வது சரிவைவிடக் கடினமாக இருந்தது. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?


குழிதோண்டி எழுதியது:

மேலே 18 சென்டிமீட்டர் கைமுட்டி என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். என் முதல் பதிலில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி நிற்கிறது: சந்தேகம் வந்த இடத்திலேயே தோண்டிப் பார்த்திருந்தால் உங்கள் நண்பரின் கண்ணுக்கே பாளத்தைக் காட்டியிருக்கலாம். வாய்ப்பேச்சுக்கு மசியாதவர்கள் அடுக்கைப் பார்த்தால் மசிவார்கள்.


முகட்டோரம் எழுதியது:

34 பாகையில், விரிசல் ஓடிய பாளத்தின் நடுவே, மூன்று பேர் நின்றுகொண்டு குழி தோண்டுவதா? குழிதோண்டி, உங்கள் பெயருக்கு நீங்கள் உண்மையாக இருக்கிறீர்கள், ஆனால் அங்கே செய்ய வேண்டிய ஒரே வேலை அந்த இடத்தை விட்டு நகர்வது. வந்த தடத்திலேயே, ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு. காட்ட வேண்டும் என்றால் கீழே, 25 பாகைக்கும் குறைவான இடத்தில், பாளத்தின் ஓரத்தை அறுத்துக் காட்டலாம்.

தம்பி, எத்தனை நாள் என்றால், புதுப்பனிக்கு மேல் சேர்ந்த பாளம் பொதுவாகச் சில நாட்களில் அடங்கும். குளிர் கடுமையாக இருந்தால் பிணைப்பு மெதுவாகத்தான் நடக்கும், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அடியில் இருப்பது வியாழக்கிழமைப் பஞ்சு இல்லாமல் சர்க்கரைப் பனியோ உறைபனிப் பூவோ என்றால் நாள் கணக்கே கிடையாது, வாரக் கணக்கு. அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. பாளத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற நாட்கள் நல்ல நாட்கள். மங்கலாக, சுண்ணாம்பு பூசியது போல, பளபளப்பு இல்லாமல் இருக்கும். கெட்டியான பாளம் ஸ்கீக்கு அடியில் மத்தளம் போல் ஒலிக்கும். மென்பாளம்தான் மோசக்காரன். சறுக்குவதற்குச் சுகமாக இருக்கும், எச்சரிக்கை ஒன்றும் தராது, ஆனால் பலகையாகவே உடையும்.

இரண்டாவது கேள்விக்கு, மேலே போய்ப் பேசாதீர்கள். கீழே, பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி) சரிபார்க்கும்போதே பேசிவிடுங்கள். யாருடைய கருவி அனுப்புகிறது, யாருடையது வாங்குகிறது என்று பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில் எல்லோருமே கொஞ்சம் அடக்கமாக இருப்பார்கள். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் வாய்ப்பு சரசரவென்று இறங்கிவிடும் என்பது அப்போது எல்லோருக்கும் நினைவில் இருக்கும். அந்த நேரத்தில் மூன்று கேள்வி. இன்று என்ன கண்டால் திரும்புவோம்? எந்த இடத்தில் நின்று முடிவெடுப்போம்? திரும்பினால் வேறு எங்கே போவோம்? மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. மாற்று வழி கையில் இல்லாதவனுக்குத் திரும்புவது தோல்வியாகத் தெரியும். அன்று 30 பாகைக்குக் குறைந்த ஒரு காட்டுச் சரிவை முன்பே பேசி வைத்திருந்தால், உங்கள் நண்பர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் அங்கே ஆசை தீரச் சறுக்கியிருப்பார். "ஓடும் விரிசல் கண்டால் திரும்புவோம்" என்று காலையில் அவர் வாயாலேயே சொல்லவைத்திருந்தால், மேலே நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியே இருந்திருக்காது. விரலால் காட்டியிருந்தால் போதும். யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் மொத்தக் குழுவும் வேண்டாம், காரணம் கேட்பது கீழே வந்த பிறகு என்ற விதியையும் நாங்கள் வைத்திருக்கிறோம். என் முழங்காலுக்குப் பிறகு வந்த விதி அது.

ஒன்று கேட்க வேண்டும். காலையில் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து கணவாய் தெரியுமா? தெரிந்தால், படம் ஏதாவது எடுத்தீர்களா?


பாதிவழி எழுதியது:

தெரியும் அக்கா. 8 மணி 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்திருக்கிறேன். அழகாக இருந்தது என்றுதான் எடுத்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். கீழே ஓர் இலை அசையவில்லை என்று எழுதினேன் அல்லவா? முகட்டின் மேல் மட்டும் வெள்ளையாக ஒரு கொடி பறப்பது போல, நீல வானத்தில் நீளமாக இருக்கிறது.


முகட்டோரம் எழுதியது:

அந்தக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது?


பாதிவழி எழுதியது:

எங்களைப் பார்த்து. கிண்ணத்துக்கு உள்ளே.

படத்தை நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை.